பிரைவேட் மெத்தட் சைல்டுக்குப் போகுமா, போகாதா?

வெண்பொங்கல்:
ஜாவா புரோகிராம் எழுதுவதில் அரை நாள் போச்சு. பேரன்ட் கிளாஸில் தள்ளுபடி() என்ற மெத்தட் பிரைவேட் (அந்த கிளாஸுக்குள் மட்டுமே கூப்பிடலாம்), அதைக் கூப்பிடும் பில்போடு() பப்ளிக். அதிலிருந்து உருவாக்கிய சைல்டு கிளாஸில் நானும் ஒரு பப்ளிக் தள்ளுபடி() எழுதி 20 ரிட்டர்ன் செய்தேன், பில்லில் அதே பழைய 5 தான் வருகிறது, எரர் கூட இல்லை. பிரைவேட்டும் இன்ஹெரிட் ஆகும்தானே, அதாவது சைல்டுக்கும் வந்து சேரும்தானே?

நுனிப்புல்:
ஆகாது. ஜாவா ஸ்பெசிஃபிகேஷனே அப்படித்தான் சொல்கிறது. நீங்கள் ஓவர்ரைடு செய்யவில்லை, அதாவது பேரன்ட்டுடையதற்குப் பதிலாக உங்களுடையது ஓடும்படி மாற்றி எழுதவில்லை; அதே பெயரில் சம்பந்தமில்லாத இன்னொன்றை எழுதியிருக்கிறீர்கள். மேலே @ஓவர்ரைடு போட்டிருந்தால் கம்பைலர் அங்கேயே பிடித்திருக்கும்.

வெண்பொங்கல்:
பேரன்ட்டின் பிரைவேட் வேரியபிள் எல்லாம் சைல்டு ஆப்ஜெக்டுக்குள் தானே உட்கார்ந்திருக்கிறது? பீரோ என் வீட்டில், சாவி மட்டும் அப்பாவிடம். அப்போது பீரோ வரவில்லை என்றால் எப்படி?

நுனிப்புல்:
பீரோ இருக்கிறது, சரி. ஆனால் பில்போடு() எந்தத் தள்ளுபடி()யைக் கூப்பிட வேண்டும் என்பது கம்பைல் ஆகும்போதே முடிவாகிவிட்டது. ஆப்ஜெக்ட் யாருடையது என்று ரன்டைமில் யாரும் தேடப் போவதில்லை.

பழையசோறு:
ஜாவாவை மட்டும் வைத்துச் சட்டம் பேசாதீர்கள். சி பிளஸ் பிளஸில் பிரைவேட் விர்ச்சுவலை (ஓவர்ரைடு செய்ய அனுமதிக்கும் மெத்தடை) சைல்டு தாராளமாக ஓவர்ரைடு செய்யலாம், பேரன்ட்டுடையதைக் கூப்பிடத்தான் முடியாது. விர்ச்சுவல்களை முடிந்தவரை பிரைவேட்டாகவே வையுங்கள் என்று சி பிளஸ் பிளஸ் நிபுணர் ஹெர்ப் சட்டர் எழுதியே இருக்கிறார். ரூபி மொழியில் இன்னும் மேல், பிரைவேட் இன்ஹெரிட்டும் ஆகும், சைல்டிலிருந்து கூப்பிடவும் செய்யலாம்.

நுனிப்புல்:
அதற்குப் பெயர் பிரைவேட்டா? பேரன்ட் எழுதியவர் ஏதோ ஒரு ஹெல்பருக்கு வைத்த பெயரை, சைல்டு எழுதுபவர் உள்ளே எட்டிப் பார்க்காமல் தானும் வைத்தால் ரூபியில் கதை கந்தல். பைத்தானில் கூட முன்னால் இரண்டு அடிக்கோடு போட்டால் கிளாஸ் பெயரையும் சேர்த்து ஒட்டிவிடுகிறதே, இந்த மோதலைத் தவிர்க்கத்தான்.

பழையசோறு:
மோதாமல் காப்பாற்றிய ஜாவாவில்தான் ஐயா, அவர் அரை நாளைத் தொலைத்தார்!

வெண்பொங்கல்:
சண்டை போடாதீர்கள். பேரன்ட்டில் தள்ளுபடி()யை ப்ரொடெக்டட் (சைல்டுக்கும் திறந்தது) ஆக்கினேன், 20 வந்துவிட்டது. ஆனால் இன்னொரு சைல்டில் யாரோ எப்போதோ ஒரு பப்ளிக் தள்ளுபடி() எழுதி வைத்திருக்கிறார், அது 0 ரிட்டர்ன் செய்கிறது. இத்தனை நாள் சும்மா கிடந்தது, இப்போது அந்த பில்லில் தள்ளுபடியே காணோம்.

நுனிப்புல்:
😀 இதைத்தான் சொன்னேன்.