நம்ம வீட்டுக் குழு: பாதியில் நின்ற ரிப்போர்ட்

நான், இரவு 9:12
அண்ணி, இருக்கிறீர்களா? ஒரு வயிற்று சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பாதி வரை மைக்கில் சொல்லி கணினியில் எழுதவைத்திருந்தேன். அதற்குள் கேஷுவாலிட்டியில் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து வேறொரு கேஸைத் திறந்தேன். பழையது லிஸ்ட்டிலேயே இல்லை.

அம்மா, 9:13
முதலில் சாப்பிட்டாயா, அதைச் சொல்.

அண்ணி, 9:14
எழுந்து போகும்போது எதை அமுக்கினாய்? டிஸ்கார்டா, டிராஃப்டா?

நான், 9:14
டிராஃப்ட்தான். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அண்ணி, 9:16
அப்படியென்றால் எங்கும் போகவில்லை. நீ பார்ப்பது படிக்காத கேஸ்களின் லிஸ்ட். டிராஃப்ட் போட்டதும் அதிலிருந்து கழன்று, உன் பெயரில் இருக்கும் டிராஃப்ட் லிஸ்ட்டுக்குப் போயிருக்கும். அங்கும் இல்லையென்றால் தேதி ஃபில்டரை எடுத்துவிட்டு அக்ஸஷன் நம்பரை, அதாவது அந்த ஸ்கேனுக்கென்றே இருக்கும் எண்ணைப் போட்டுத் தேடு. பெயரைப் போடாதே, ஒரே பெயரில் நாலு பேர் வருவார்கள்.

நான், 9:18
கிடைத்துவிட்டது!!

சித்தப்பா, 9:19
எங்கள் பேங்கில் கிளார்க் போட்ட வவுச்சர் ஆபீசர் பாஸ் பண்ணும் வரை நிற்குமே, அதுதானா கண்ணு இந்த டிராஃப்ட்?

அண்ணி, 9:21
அது பிரிலிமினரி மாமா. ஜூனியர் எழுதி முடித்து சீனியர் கையெழுத்துக்கு நிற்பது. எங்கள் இடத்தில் அதை வார்டிலும் பார்க்கலாம். டிராஃப்ட் என்பது கிளார்க்கின் டிராயரில் கிடக்கும் சீட்டு. வார்டில் இருப்பவர்களுக்கு ரிப்போர்ட் வரவில்லை என்றுதான் தெரியும். ஃபைனல் ஆகிவிட்டால் கை வைக்க முடியாது, கீழே அடெண்டம் என்று பின்குறிப்பு சேர்க்கத்தான் முடியும்.

நான், 9:22
கடைசி வரி "ரைட் கிட்னி ஷோஸ் எ" என்று நிற்கிறது. அங்கிருந்தே தொடரட்டுமா?

அண்ணி, 9:25
தொடராதே. நடுவில் வேறு கேஸ் திறந்தாய் அல்லவா, பக்கத்துத் திரையில் அந்தப் படமே நிற்கலாம். முதலில் அதைப் பார். அப்புறம் முதல் வரியிலிருந்து வாசி. முன்கூட்டியே நிரப்பி வைத்த டெம்ப்ளேட்டில் நீ இன்னும் தொடாத உறுப்பெல்லாம் "நார்மல்" என்றே கிடக்கும். பார்த்துவிட்டுச் சொன்ன நார்மலா, பார்க்காமலே இருக்கும் நார்மலா என்று பிறகு உனக்கே தெரியாது. நான் பாதியில் எழுந்தால் நின்ற இடத்தில் மூன்று நட்சத்திரக் குறி போட்டுவிட்டுத்தான் எழுவேன்.

நான், 9:28
அண்ணி, லிவருக்குக் கீழே "டிஸல்யூட் மேடம்" என்று ஒரு வரி இருக்கிறது 😳

அண்ணி, 9:28
என்னது?

நான், 9:29
வார்டு அக்கா வந்து "டீ சொல்லட்டுமா மேடம்" என்றார். மைக்கை அணைக்கவில்லை.

சித்தப்பா, 9:29
😂😂😂

அண்ணன், 9:30
அது அப்படியே ஃபைனலில் போயிருந்தால் சர்ஜன் உனக்குத்தான் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பார்.

அண்ணி, 9:31
அது யார் கண்ணிலும் படும். விழுந்துபோன "நோ" படாது. அதைத் தேடு.

நான், 9:34
ஐயோ. "நோ ஃப்ரீ ஃப்ளூயிட்", அதாவது வயிற்றுக்குள் நீர் தேங்கவில்லை என்று சொன்னேன். "ஃப்ரீ ஃப்ளூயிட்" மட்டும் விழுந்திருக்கிறது.

நான், 9:46
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அண்ணி, 9:47
நல்லவேளை எடுத்தாய். நோயாளி விவரம் குரூப்பில் வேண்டாம், சித்தப்பாவே இருந்தாலும். நீ பார்த்தது அவசரமானது, வார்டுக்குப் போன் செய்தாயா?

நான், 9:49
செய்தேன். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னேன் என்று ரிப்போர்ட்டிலும் போட்டு சைன் செய்துவிட்டேன்.

சித்தப்பா, 9:50
அந்த டீ வந்ததா கண்ணு?

நான், 9:51
வந்து ஆறிப்போய் கீபோர்டு பக்கத்தில் இருக்கிறது.

அம்மா, 9:51
அதைக் குடிக்காதே. கேன்டீன் பத்து மணிக்கு மூடிவிடுவான், போ.