ட்யூபுலர் பெல்ஸ்: ஒட்டுத்துணியா, ஒரே நெசவா?

மெழுகுத்தட்டு:
பிரிட்டிஷ் இசைக்கலைஞர் மைக் ஓல்ட்ஃபீல்டின் முதல் ஆல்பமான ட்யூபுலர் பெல்ஸைப் போன மாதம் பழைய எல்பி விற்கிற ஒரு கடையில் வாங்கினேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் முதல் பக்கம் தேய்ந்து சாம்பல் பூத்திருக்கிறது. இரண்டாம் பக்கம் இன்னும் கறுகறுவென்று மின்னுகிறது. என் கட்சியை இதைவிட நன்றாக யாரும் எடுத்துச் சொல்ல முடியாது. 1973இல் வந்த இதைக் காவியம் என்கிறார்கள். எனக்கு இது 25 நிமிட நல்ல இசை, அப்புறம் 23 நிமிட இட்டுநிரப்பல். முதல் பக்கத்திலும் ஒரு மெட்டு முடிந்ததும் அடுத்தது வந்து ஒட்டிக்கொள்கிறதே தவிர, ஒன்றிலிருந்து ஒன்று முளைப்பதில்லை. கிடார், பியானோ, ஆர்கன், மாண்டலின் எல்லாவற்றையும் ஒரே ஆள் வாசித்தால், 'இது வேண்டாம்ப்பா' என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? 1975இல் அவரே போட்ட ஒம்மடான் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

ஏழரைத்தாளம்:
அந்தத் தட்டை முன்பு வைத்திருந்தவருக்குத் தூக்கம் வந்தால் ஓல்ட்ஃபீல்ட் என்ன செய்வார்? ஒரு எல்பியை வைத்து ஊர் ரசனையை அளக்காதீர்கள். 1974இல் அவருடைய இரண்டாவது ஆல்பம் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தபோது, அதைக் கீழே தள்ளிவிட்டு ஏறியது இந்த முதல் ஆல்பம்தான்.

ஆரம்பப் பியானோவைத் தொடையில் தட்டி எண்ணுங்கள்: தகிட தகதிமி, தகதிமி தகஜொணு. 7ம் 8ம் சேர்ந்து 15. 16க்கு ஒன்று குறைவதால்தான் அது ஓரிடத்தில் உட்காராமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அடியில் பேஸ் கிடார் நுழைகிற இடத்தைக் கவனியுங்கள். பியானோ தன் பாட்டுக்குப் போகிறது, ஆனால் மெட்டே மாறிவிட்டது போலத் தோன்றும். இதைப் போய் ஒட்டு என்றால் நான் என்ன சொல்ல?

நடுநிசி:
எனக்கு இது பேய்ப்படப் பாட்டு. விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க முடியாது.

ஏழரைத்தாளம்:
நீங்கள் சொல்கிற பேய்ப்படம் எக்ஸார்சிஸ்ட் வந்தது 1973 டிசம்பரில். ஆல்பம் மே மாதமே வந்துவிட்டது. படத்துக்காகப் போட்டதே இல்லை, ஆரம்பத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். விளக்கைப் போட்டுக்கொண்டு மீதியையும் கேளுங்கள்.

டேப்பு மாமா:
ஒட்டுவேலை என்பது உண்மைதான் தம்பி. ஆனால் அதுதானே இங்கே தொழிலே? ஓல்ட்ஃபீல்ட், பாடகர் கெவின் அயர்ஸ் குழுவில் பேஸ் வாசித்த பையன். அயர்ஸ் கொடுத்த டேப் ரெக்கார்டரில் பழைய பதிவை அழிக்கிற ஹெட்டை மறைத்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்து டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, தயாரித்தான். கம்பெனிகள் வேண்டாம் என்றன. கடைசியில் ரிச்சர்ட் பிரான்சனின் மேனர் ஸ்டூடியோவில் 1972 முடிகிற சமயம் ஒரு வாரம் கிடைத்தது, அதில் முதல் பக்கம். இரண்டாம் பக்கம் அடுத்த சில மாதங்களில், மற்றவர்கள் வராத நேரங்களில். வயது 19.

நானும் கல்லூரி நாட்களில் வீட்டு டெக்கில் தீப்பெட்டி அட்டையைச் செருகிப் பார்த்தவன். மூன்றாவது தடவை மேலே பதிந்ததும் முதலில் வாசித்தது பக்கத்துத் தெரு ரேடியோ மாதிரி மங்கிவிட்டது. புதுப் பதிவு பழையதைக் கொஞ்சம் தின்றுவிடும். எதை முதலில் வாசிப்பது, எதைக் கடைசிக்கு வைப்பது என்று முழுவதையும் மண்டைக்குள் கேட்டுவிட்டுத்தான் தொடங்க முடியும்.

மெழுகுத்தட்டு:
ஆக, ஒரு வாரத்தில் செய்த பக்கம் தேய்ந்திருக்கிறது, மாதக்கணக்கில் செய்த பக்கம் பளபளக்கிறது. ஆதரவுக்கு நன்றி மாமா! இரண்டாம் பக்கத்தில் பாட்டுக்குப் பதிலாக வருகிற அந்தக் குகைமனிதன் உறுமலுக்கு யாராவது வக்காலத்து வாங்குங்களேன், பார்ப்போம்.

ஏழரைத்தாளம்:
உறுமல் எனக்கும் ஆகாது, சரி. ஆனால் முதல் பக்கத்தின் முடிவு? கீழே அதே பேஸ் வரி ஓட, பாடகர் விவியன் ஸ்டான்ஷால் ஒவ்வொரு வாத்தியமாகப் பெயர் சொல்லி அழைக்கிறார். ஒவ்வொன்றும் வந்து அதே மெட்டை வாசித்துவிட்டுக் கூட்டத்தில் சேர்ந்துகொள்கிறது. கல்யாணப் பந்தியில் ஒவ்வொருவராக வந்து உட்காருகிற மாதிரி. கடைசியில் மணிக்குழாய்கள், அதாவது ஆல்பத்தின் பெயரிலுள்ள ட்யூபுலர் பெல்ஸ். சாதாரணக் கட்டையால் தட்டினால் சத்தம் போதவில்லை என்று சுத்தியலை எடுத்திருக்கிறார். இதுவும் முளைக்கவில்லையா?

மெழுகுத்தட்டு:
அந்த இடத்துக்கு நான் அடிமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒம்மடானில் ஜபூலா குழுவின் ஆப்பிரிக்க முரசு இருக்கிறது, பேடி மொலோனியின் ஐரிஷ் பைப் இருக்கிறது. முதல் பாதியின் கடைசியில் முரசு எழ எழ கிடார் கதறுகிறதே, அங்கே எதிரே இன்னொரு ஆள் மூச்சு விடுகிறான். தனியாளின் இசைக்கு அதுதான் குறை.

ஏழரைத்தாளம்:
முதல் ஆல்பத்திலும் ஆள் உண்டு. உறுமலுக்கு டிரம்ஸ் ஸ்டீவ் பிராட்டன்.

டேப்பு மாமா:
ஒம்மடான் பற்றி ஒன்று. டேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டியதில் பூச்சு உதிர்ந்துபோய், செய்ததை மறுபடி முதலிலிருந்து பதிய வேண்டியதாயிற்று. நீ சொல்கிற 'முளைப்பு' இரண்டாம் தடவை எழுதியதால்கூட வந்திருக்கலாம். 'வேண்டாம்ப்பா' என்று சொன்னது அந்த டேப்போ என்னவோ.

ஏழரைத்தாளம்:
நல்லா இருக்கு மாமா. சரி மெழுகு, நான் இன்றிரவு ஒம்மடான் முழுக்கக் கேட்கிறேன். நீங்கள் அந்தப் பளபளக்கிற பக்கத்தைப் போடுங்கள். நடுவில் ஊசியைத் தூக்கக் கூடாது.

மெழுகுத்தட்டு:
போட்டாயிற்று. முதல் பத்து நிமிடம் நான் நினைத்த அளவுக்கு மோசமில்லை, அந்த கிடார்கள் அடுக்கடுக்காக வருகிற இடம் நன்றாகவே இருந்தது. இப்போது உறுமல். பக்கத்து வீட்டு நாய் பதிலுக்குக் குரைத்துக்கொண்டிருக்கிறது.