நிஷி-கசாயில் ஒரு மீன் சாப்பாடு

வேலைக்காக டோக்கியோ போன புதிதில் நிஷி-கசாயில் தங்கியிருந்தேன். இந்தியர்கள் நிறைய வாழும் பகுதி என்பதால் பருப்புக்கும் மசாலாவுக்கும் பஞ்சமில்லை. அதனாலேயே இரண்டு மாதம் எந்த ஜப்பானியக் கடைக்குள்ளும் தனியாக நுழையவில்லை. ஒரு நாள் மதியம் நல்ல மழை. ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த சின்ன தெய்ஷொகு கடைக்குள் ஒதுங்கினேன்.

தெய்ஷொகு என்றால் ஒரே தட்டில் வரும் முழுச் சாப்பாடு. சோறு, மிசோ என்ற புளிக்க வைத்த சோயா விழுதில் செய்த சூப், மீனோ இறைச்சியோ ஒன்று, கொஞ்சம் ஊறுகாய், குட்டிக் கிண்ணத்தில் ஒரு தொடுகறி. அந்தக் கடையில் வாசலிலேயே டிக்கெட் மெஷின் இருந்தது. ஆயிரம் யென் நோட்டைப் போட்டு, மீன் படம் போட்ட பொத்தானை அழுத்தினேன். விலை 850 யென். சீட்டைக் கவுண்டரில் வைத்தேன், ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை.

வந்தது சபா ஷியோயாகி. உப்புத் தடவிச் சுட்ட கானாங்கெளுத்தி. தோல் அங்கங்கே கருகி மொறுமொறுவென்று இருந்தது, உள்ளே சதையில் எண்ணெய் கசிந்தது. பக்கத்தில் துருவிய வெள்ளை முள்ளங்கி ஒரு சிறு குவியல். சோறு இடப்பக்கம், சூப் வலப்பக்கம்.

பழக்கதோஷத்தில் ரசம் ஊற்றுவதுபோல சூப் கிண்ணத்தைச் சோற்றின் மேல் சாய்க்கப் போனேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற வயதான அம்மா மெதுவாகக் கையசைத்து நிறுத்தினார். முகத்தில் கோபமே இல்லை. ஒரு காலிக் கிண்ணத்தை எடுத்து, வாயருகே கொண்டுபோய்க் குடிப்பதுபோலக் காட்டினார். அப்புறம் முள்ளங்கித் துருவலைச் சுட்டி, அதில் சோயா சாஸ் இரண்டு சொட்டு விட்டு, மீனோடு சேர்த்துச் சாப்பிடச் சைகை செய்தார். மீனின் எண்ணெய்ப் பிசுக்கை அந்த முள்ளங்கி அப்படியே எடுத்துவிடுகிறது. சூப்பைச் சோற்றில் ஊற்றுவதை 'நெகோ மன்மா', அதாவது பூனைச் சோறு என்பார்கள் என்று ஆபீஸ் நண்பர் பிறகு சொன்னார். வீட்டில் சிலர் அப்படிச் சாப்பிடுவார்களாம், வெளியே மாட்டார்கள்.

ஒரு வாய் மீன், ஒரு வாய் வெறுஞ்சோறு, ஒரு மடக்கு சூப். பிசைந்தே சாப்பிட்டு வளர்ந்த எனக்குச் சோற்றுக்கென்று தனியாக ஓர் இனிப்பு உண்டு என்பது அன்றைக்குத்தான் நாக்கில் பட்டது. 'ஒகவாரி' என்றால் இன்னொரு கிண்ணம் சோறு. அங்கே அதற்குக் காசு கிடையாது, நான் இரண்டு முறை கேட்டேன்.

சைவம் சாப்பிடுபவர்கள் மட்டும் கவனமாக இருங்கள். டோஃபு மட்டுமே மிதக்கும் சூப்பில்கூடப் பெரும்பாலும் காய்ந்த சூரைமீன் சீவல் போட்டுக் காய்ச்சிய சாறு இருக்கும். முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

கிளம்பும்போது 'கொச்சிசோசமா', அதாவது சாப்பாட்டுக்கு நன்றி என்று சொன்னேன், எனக்குத் தெரிந்த நாலைந்து ஜப்பானியச் சொற்களில் அது ஒன்று. மெஷினில் வந்த மீதி 150 யென்னைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். தெரு முனை தாண்டுவதற்குள் அந்த அம்மா குடைகூட இல்லாமல் ஓடி வந்து, இரண்டு கைகளாலும் அந்தக் காசை நீட்டினார். ஏப்ரன் முழுக்க நனைந்திருந்தது. மறுநாளும் அங்கேதான் சாப்பிட்டேன்.