கிறக்கத்தேன் எடுக்கப் போனவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ஆட்டம் நடத்துபவர்:
ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்துற நம்ம ஆட்ட உலகத்துல கிறக்கத்தேன் தேடி இதுவரைக்கும் மூணு குழு மலை ஏறியிருக்கு. ஒண்ணுகூட முழுசா இறங்கலை. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், இது மொத்தமும் என் கற்பனை இல்லை. நேபாள மலைகள்லயும் துருக்கியோட கருங்கடல் ஓரத்துலயும் நிஜமாவே இப்படித் தேன் இருக்கு. ரோடோடென்ட்ரான்ங்கிற மலைச்செடியோட பூவுல இருக்கிற கிரயானோடாக்சின்ங்கிற நஞ்சு தேன்ல கலந்துடும். ஆட்டத்துல இந்தத் தேன் இருட்டுல நீலமா மினுங்கும்னு சொன்னது மட்டும்தான் என் கைச்சரக்கு.

வேடன்:
கயிறேணியில தொங்கினது நான்தான். புகை போட்டாச்சு, ஈ கலைஞ்சாச்சு, அடையை அறுத்துக் கூடையில இறக்கியாச்சு. பகடையும் என் பக்கம். அப்பப் பார்த்து ஆட்டம் நடத்துற இவர் சாதுவா ஒரு கேள்வி கேட்டார்: "கையெல்லாம் தேன் வழியுதே, என்ன பண்ணப் போறே?"

தேனெடுத்தவன் புறங்கையை நக்காம இருப்பானா? நக்குறேன்னு சொல்லித் தொலைச்சேன். இவர் கணக்கு நக்கல் கணக்கு: ஒரு நக்குக்கு உதட்டோரம் சுருசுருங்கும், ரெண்டுக்குத் தலை சுத்தும், மூணுக்கு நாடித்துடிப்பு குறைஞ்சு கண் இருட்டும். நான் நாலு நக்கினேன். கீழே பாறை. புதுசா ஒரு கேரக்டர் எழுதிட்டிருக்கேன், அவனுக்கு இனிப்பே பிடிக்காது.

வைத்தியச்சி:
காயத்துக்குத் தேன் தடவுறது என் வழக்கம். சர்க்கரை ஈரத்தை உறிஞ்சிடறதால கிருமி தலையெடுக்காது. ஆனா அதுக்குச் சாதாரணத் தேன் போதுமே, இதுக்காக ஒருத்தன் விழணுமா? நான் அடிவாரத்தோட நின்னுட்டேன்.

திருடன்:
எங்க குழு கொஞ்சம் படிச்ச குழு. பாம்பேங்கிற ரோமானியத் தளபதியோட படை வர்ற வழியில மலைவாசிகள் இந்தத் தேனைக் கிண்ணத்துல வச்சு, குடிச்சு மயங்கினவங்களை வெட்டிப் போட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அதையே அரக்கர்கள்கிட்ட செஞ்சோம். பன்னெண்டு பேரும் வாந்தியெடுத்து, எழுந்து நிக்க முடியாமச் சரிஞ்சாங்க. விழுந்தவனை வெட்ட மாட்டேன்னு எங்க வீரன் அடம்பிடிச்சான். சரின்னு அவங்க புதையலை மூட்டை கட்டி, அவங்க கூடாரத்துலயே படுத்துட்டோம்.

படிச்சதுல பாதியை நான் மறந்துட்டேன். கி.மு. 400 வாக்குல அதே கருங்கடல் பக்கம் கிரேக்கப் படை ஒண்ணு இந்தத் தேனைத் தின்னு கூட்டமா விழுந்துச்சு. மறுநாள் புத்தி தெளிஞ்சிடுச்சு, ஒருத்தரும் சாகலை. விடிஞ்சு கண்ணைத் திறந்தா, பன்னெண்டு அரக்கர்களும் எங்களைச் சுத்தி உட்கார்ந்திருக்காங்க. தலைவன் காலிக் கிண்ணத்தை என் மூக்குக்கு நேரா நீட்டி, "மீதி எங்கே?"ங்கிறான்.

வேடன்:
என் கூடையில. பாறைக்குப் பக்கத்துல பாருங்க.