புதுப்பிப்பு: இரு திசைக்கும் சுழலும் சிங்கிள் பேஸ் மோட்டார்

கடலூர் முதுநகரில் எங்கள் படகுக் கொட்டகையின் வின்ச்சுக்கு ரிவர்சிங் காண்டாக்டர் (திசை மாற்றும் மின்காந்த சுவிட்ச் ஜோடி) பொருத்தியும், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் 1 எச்.பி. மோட்டார் ஒரே திசையில்தான் சுழல்கிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது, பிழை என்னுடையதுதான்.

எந்த இரண்டு ஒயர்களை மாற்றினாலும் திசை திரும்பும் த்ரீ பேஸ் மோட்டாரின் பழக்கத்தில், உள்ளே வரும் பேஸையும் நியூட்ரலையும் இடம் மாற்றியிருந்தேன். அப்படி மாற்றினால் மோட்டாருக்குள் இருக்கும் ரன்னிங், ஸ்டார்ட்டிங் என்ற இரண்டு வைண்டிங்குகளும் (கம்பிச் சுருள்கள்) சேர்ந்தே புரள்வதால் திசை மாறாது. ரன்னிங் வைண்டிங்கை அப்படியே விட்டுவிட்டு, ஸ்டார்ட்டிங் வைண்டிங்கின் முனைகளை மட்டும் மாற்ற வேண்டும். என் மோட்டாரிலோ இரண்டின் ஒரு முனை உள்ளேயே இணைக்கப்பட்டிருந்தது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வைண்டிங் கடையில் அதைப் பிரித்து, நான்கு ஒயர்களாக வெளியே எடுத்துக்கொண்டேன். மல்டிமீட்டரில் கூடுதல் ஓம் காட்டிய ஜோடிதான் ஸ்டார்ட்டிங்.

இப்போது இரு காண்டாக்டர்களிலும் முதல் போல் (தொடர்பு முனை) ரன்னிங் வைண்டிங்குக்குப் பேஸ் தருகிறது. மற்ற இரண்டும் கெப்பாசிட்டரோடு கூடிய ஸ்டார்ட்டிங் வைண்டிங்கை ஒன்றில் நேராகவும் மற்றொன்றில் குறுக்காகவும் இணைக்கின்றன. இரண்டும் ஒருசேர இழுத்தால் 230 வோல்ட் நேரடியாக ஷார்ட் ஆகும் என்பதால், ஒன்று இழுத்திருக்கும்போது மற்றதைத் தடுக்கும் மெக்கானிக்கல் இன்டர்லாக்கை மட்டும் நம்பாமல், காண்டாக்டரை இழுக்கும் ஒவ்வொரு காயிலின் இணைப்பையும் எதிர்க் காண்டாக்டரின் என்.சி. (அது இழுத்ததும் திறந்துகொள்ளும் தொடர்பு) வழியாக எடுத்திருக்கிறேன்.

ஓடும்போதே எதிர்ப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன்; வேகம் பிடித்ததும் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கைத் துண்டிக்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் திறந்திருந்ததால் மோட்டார் பழைய திசையிலேயே ஓடியது. ஆகவே முழுதும் நின்ற பிறகே மறுதிசை கிடைக்கும்படி 5 விநாடி டைமர் வைத்துள்ளேன். உப்புக்காற்றுக்கு அந்த டைமர் எத்தனை மழைக்காலம் தாங்குமோ!