பழைய 531 ஃபிரேம்: சிக்கிய சீட் போஸ்ட், 27 அங்குல ஸ்டீல் ரிம். எதில் தொடங்குவது?

கேள்வி

வணக்கம். 1970-களின் ரேஸிங் சைக்கிள் ஒன்று. சீட் குழாயில் ரெனால்ட்ஸ் 531 (ஒருவகை உயர்தர ஸ்டீல் குழாய்) ஸ்டிக்கர் இருக்கிறது. 5 பல்சக்கர ஃப்ரீவீல், காட்டர் பின் கிராங்க் (ஆப்புப்போன்ற பின்னால் அச்சில் இறுக்கிய பெடல் கை), குரோம் பூசிய 27 அங்குல ஸ்டீல் ரிம். அலுமினிய சீட் போஸ்ட் இம்மியும் அசையவில்லை. சூடேற்றிக் கழற்றலாமா? முதலில் பெயின்ட் அடித்துவிட்டு மற்றதைப் பார்க்கலாமா? 700சி ரிம் போட்டால் பழைய பிரேக் எட்டுமா? தினமும் ஓட்டத்தான் கேட்கிறேன்.

பதில் 1

பெயின்ட் கடைசி வேலை. அடிக்காமலே விட்டால் இன்னும் நல்லது, அந்த ஸ்டிக்கரும் பழைய நிறமும் போனால் திரும்பாது. ஃபிரேமின் அடிபட்ட இடத்தைக் காட்டிக்கொடுப்பதும் பழைய பெயின்ட்தான். ஹெட் குழாயை (ஹேண்டில்பார் நுழையும் முன்குழாய்) ஒட்டி, டவுன் குழாயின் (அங்கிருந்து பெடல் பக்கம் இறங்கும் குழாய்) அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். மேடு தட்டுப்பட்டாலோ, பெயின்ட் குறுக்காக வெடித்திருந்தாலோ வண்டி நேராக எதிலோ மோதியிருக்கிறது. அடுத்து நூல் சோதனை. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஒரு டிராப்அவுட்டிலிருந்து (பின்சக்கர அச்சு அமரும் பிளவு) ஹெட் குழாயைச் சுற்றி மறு டிராப்அவுட் வரை நூலை விறைப்பாகக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருக்க வேண்டும். 1 மி.மீ. வித்தியாசம் பொருட்டல்ல. 3 மி.மீ. என்றால் நிமிர்த்தும்வரை வேறெதிலும் காசு போடாதீர்கள்.

சீட் போஸ்ட்டுக்குச் சூடு வேண்டவே வேண்டாம். ஒரே சூட்டில் அலுமினியம் ஸ்டீலைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு விரியும், இன்னும் இறுகிப்போகும். குளிர்தான் உங்கள் பக்கம். இறுக்கும் போல்ட்டை முழுவதும் உருவிவிட்டு, துரு இளக்கும் எண்ணெயை மேலிருந்து விடுங்கள். பிறகு வண்டியைக் கவிழ்த்து, அச்சுக்கூடு (கிராங்க் அச்சு சுழலும் கூடு) வழியாகவும் விட்டு, நாலைந்து நாள் ஊறவையுங்கள். போஸ்ட்டின் தலையை வைஸில் இறுக்கி, போஸ்ட்மீது ஐஸ் வைத்து, ஃபிரேமையே நெம்புகோலாகப் பிடித்து மெல்லத் திருகுங்கள். இழுக்க வேண்டாம், திருகல்தான் பிடிப்பை உடைக்கும். குழாய் முறுகுவதுபோல் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மறுபடி எண்ணெயில் ஊறவிடுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் மேலே அறுத்துவிட்டு, ஹேக்ஸா பிளேடால் உள்ளிருந்து நீளவாக்கில் கீறி, மடக்கி எடுக்க வேண்டும். காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைக்கும்தான். ஆனால் ஹைட்ரஜன் கிளம்பும், தோலும் பெயின்ட்டும் சேர்ந்து போகும். புது போஸ்ட் எதுவானாலும் கிரீஸ் தடவிப் போடுங்கள்.

பதில் 2

700சி ரிம்மின் டயர் அமரும் விட்டம் 622 மி.மீ., 27 அங்குலத்துக்கு 630. ஆக பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பிரேக் கையின் துளையில் கட்டைக்குக் கீழே அவ்வளவு இடம் மிச்சமிருந்தால் போதும், பிரேக்கை மாற்ற வேண்டாம். ஸ்டீல் ரிம்மை மட்டும் தினசரிச் சவாரிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். குரோம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். அலுமினிய ரிம் ஒன்றே இந்த வண்டியை வேறு வண்டியாக்கிவிடும்.

பழைய ஹப்பையே வைத்துக் கட்டுவதானால் இரண்டு விஷயம். துளைகளை எண்ணுங்கள், சில வண்டிகளில் முன்னால் 32, பின்னால் 40 இருக்கும். ஸ்போக்கை வெட்டும் முன் ஃப்ரீவீலைக் கழற்றிவிடுங்கள். வெட்டியபின் ஹப்பைப் பிடிக்க வழியே இல்லை.

கேட்டவர்

மிக்க நன்றி. அச்சுக்கூட்டுக் கப்பில் (பால்ஸ் ஓடும் மரையிட்ட கிண்ணம்) 1.37 × 24 என்று பொறித்திருக்கிறது. வலது கப் எந்தப் பக்கம் திருப்பியும் அசையவில்லை. காட்டர் பின்னைச் சுத்தியால் அடித்து எடுக்கலாமா?

பதில் 3

அது இங்கிலீஷ் மரை. வலது கப்புக்கு இடது மரை, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். 36 × 24 இருந்தால் இத்தாலிய மரை, 35 × 1 இருந்தால் பிரெஞ்சு. அவை இரண்டிலும் இரு பக்கமும் வலது மரை. பெரும்பாலும் இந்தத் திசைக் குழப்பத்தில்தான் மரை நாசமாகிறது. கப்பின் உள்முகம் வழுவழுப்பாக, குழியில்லாமல் இருந்தால் வலது கப்பைக் கழற்றவே தேவையில்லை. துடைத்து, கிரீஸ் வைத்து, பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குலப் பால்ஸ் புதிதாகப் போடுங்கள்.

காட்டர் பின்னைத் தாங்கல் இல்லாமல் அடித்தால் அந்த அடி முழுதும் பால்ஸ் வழியாகக் கப்பில் இறங்கிக் குழி விழும். கிராங்கின் அடியில் இரும்புக் குழாய் ஒன்றைத் தரைவரை முட்டுக்கொடுத்து, நட்டை மரையின் நுனிவரை தளர்த்திவிட்டு, அதன்மேல் ஒரே பலமான அடி. பின்னை அழுத்தியெடுக்கும் கருவி கிடைத்தால் அதுதான் முறை. புதுப் பின் வாங்குமுன் பழையதை அளந்துகொள்ளுங்கள், 9.5 மி.மீ.யும் உண்டு, 9 மி.மீ.யும் உண்டு. முதல் 20 கி.மீ. ஓட்டியதும் நட்டை மறுபடி இறுக்குங்கள். விட்டால் பின் தளர்ந்து, மிதிக்கும்போதெல்லாம் டக்டக்கென்று கேட்கும்.

பதில் 2

ஓட்டும்போது கியர் தானாக நழுவினால் செயினைக் குறைசொல்லும் முன் டவுன் குழாயில் உள்ள லீவரின் சிறகுத் திருகைப் பாருங்கள், பாதி நேரம் தளர்ந்திருப்பது அதுதான். ஹேண்டில்பார் அலுமினியமென்றால் அதைத் தாங்கும் ஸ்டெம்மிலிருந்து உருவி, ஸ்டெம்மின் பிடி விழும் நடுப்பகுதியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் அந்த ஹேண்டில்பாரில் ஒருநாளும் ஏறாதீர்கள்.