மணப்பெண் ஒப்பனை: வகுப்பில் சேர்வதற்கு முன் எதைப் பழக வேண்டும்?

தக்கலை வாசகி:
வணக்கம். தக்கலையில் என் சித்தி நடத்தும் அழகு நிலையத்தில் இரண்டு ஆண்டுகளாகப் புருவம் திருத்துதல், ஃபேஷியல், மெஹந்தி ஆகியவற்றைச் செய்துவருகிறேன். சென்ற மாதம் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் நிச்சயதார்த்தத்துக்கு நானே ஒப்பனை செய்தேன். கண்ணாடியில் நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் மண்டபத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிட்டது, புகைப்படங்களில் நெற்றியும் மூக்கும் வெளுத்துத் தெரிந்தன. அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. பெரும் பணம் கட்டி வகுப்பில் சேர்வதற்கு முன், நானே பழகிக்கொள்ள வேண்டியவை எவை?

நாகர்கோவில் ஒப்பனைக் கலைஞர்:
சகோதரி, நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் காரணம் வேறு வேறு.

சாம்பல் பூத்ததற்குக் காரணம் பெரும்பாலும் ஃபவுண்டேஷனின், அதாவது முகம் முழுதும் முதலில் பூசும் அடிப்பூச்சின், நிறமாகத்தான் இருக்கும். நம் பெண்களில் பலருடைய மாநிறத்துக்கு அடியில் மஞ்சள் அல்லது பொன் சாயல் ஓடுகிறது. அதன்மேல் இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட, ஒரு படி வெளிறிய ஃபவுண்டேஷனைப் பூசினால் முகம் உயிரற்றுத் தெரியும். நிறத்தைப் புறங்கையில் சோதிக்காமல், தாடை ஓரத்தில் தீற்றி, வாசற்படி வெளிச்சத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். பூசியவுடன் தெரியும் நிறமும் சருமத்தின் எண்ணெய் பட்ட பின் தெரியும் நிறமும் ஒன்றல்ல. கண்ணின் கீழ்க் கருவளையத்தின்மேல் நேரடியாகக் கன்சீலர் (கறைகளை மறைக்கும் தோல்நிறப் பூச்சு) வைத்தாலும் சாம்பல்தான் வரும். நீலம் கலந்த கருமையை ஆரஞ்சு நிறக் கரெக்டர் (கருமையின் சாயலைச் சமன்செய்யும் பூச்சு) அடக்கும். அதை மிக மெல்லியதாக ஒற்றிய பிறகே கன்சீலர் வைக்க வேண்டும்.

படத்தில் வெளுத்தது ஃபிளாஷினால். சிலிக்கா மிகுந்த வெள்ளைப் பவுடரும், துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீனும் ஃபிளாஷ் ஒளியைத் திருப்பி எறியும். மணப்பெண் அறையை விட்டு வெளியேறும் முன் விளக்கை அணைத்து, ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். இந்தப் பழக்கம் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

நம் ஊர்க் கடற்காற்றின் ஈரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். வியர்க்கும் என்று பயந்து தடிமனாகப் பூசுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. மெல்லிய அடுக்காக, ஈர ஸ்பாஞ்சால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் படியவைத்து, எண்ணெயை டிஷ்யூவால் எடுத்த பிறகு பவுடரை அழுத்தி வைத்தால் நெடுநேரம் நிற்கும். காலை முகூர்த்தப் பெண்ணுக்கு விடியுமுன் டியூப்லைட்டில் போடும் ஒப்பனையும், மாலையில் தேவாலயத்துக்குப் போகும் வெள்ளைப் புடவைப் பெண்ணுக்குப் போடும் ஒப்பனையும் ஒரே அளவாக இருக்கக் கூடாது. வெள்ளைத் துணி முகத்தின் நிறத்தை இன்னும் எடுத்துக்காட்டும்.

குளச்சல் அக்கா:
மேலே உள்ளதோடு சுத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தங்கையே. என் வீட்டுத் திருமணத்தில், ஒருவருக்குப் பயன்படுத்திய மஸ்காரா பிரஷையே என் மகளுக்கும் பயன்படுத்தியதில் அவள் கண் சிவந்து நீர் வடிய மணவறையில் உட்கார்ந்திருந்தாள். அந்த நாளை நான் மறக்கவில்லை. மஸ்காராவுக்கு ஒருமுறை பயன்படுத்தி எறியும் குச்சிகளை வையுங்கள். திறந்த மஸ்காராவை மூன்று மாதத்துக்குமேல் வைத்திருக்க வேண்டாம். லிப்ஸ்டிக்கை நேராக உதட்டில் தடவாமல், சுரண்டி ஸ்டீல் தட்டில் எடுத்து பிரஷால் போடுங்கள். பிரஷ்களைச் சோப்பு நீரில் அலசி, நீர் கைப்பிடிக்குள் இறங்காதபடி படுக்கவைத்து உலர்த்துங்கள். புதுப் பொருள் எதுவாயினும் ஒரு நாள் முன்பே முழங்கை மடிப்பில் வைத்துச் சோதியுங்கள்.

மார்த்தாண்டம் பயிற்றுநர்:
வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களில் காஸ்மெட்டாலஜி (அழகுக்கலை) என்னும் ஓராண்டுப் பிரிவு உண்டு. அது நம் மாவட்டத்தில் நடக்கிறதா என்று நாகர்கோவில் கோணத்தில் உள்ள அரசு ஐ.டி.ஐ.யில் விசாரியுங்கள். தனியார் வகுப்பானால், சான்றிதழைப் பற்றிக் கேட்பதற்கு முன், எத்தனை முகங்களில் உங்கள் கையாலேயே போடவிடுவார்கள் என்று கேளுங்கள். ஆசிரியர் போடுவதைப் பார்த்துக் குறிப்பெடுப்பதால் மட்டும் கை பழகாது.

தக்கலை வாசகி:
மூவருக்கும் மிக்க நன்றி. பழகுவதற்கு ஆள் கிடைப்பதுதான் சிரமம். ஒரே தங்கையின் முகத்தில் மீண்டும் மீண்டும் போட்டுப் பார்ப்பது போதுமா?

நாகர்கோவில் ஒப்பனைக் கலைஞர்:
போதாது. தங்கையின் முகத்தில் ஐலைனர் கோட்டைப் பழகுங்கள். சருமத்தைப் பழக அம்மா, சித்தி, அண்டை வீட்டுப் பாட்டி வரை கேளுங்கள். சுருக்கத்தில் பவுடர் எப்படித் தேங்குகிறது என்பதைப் பாட்டியின் முகத்தில்தான் கற்க முடியும். ஒவ்வொருவரையும் ஒப்பனை போட்டவுடனும் நான்கு மணி நேரம் கழித்தும் அதே சன்னல் அருகே படம் எடுத்து, பயன்படுத்திய பொருளை நோட்டில் எழுதிவையுங்கள்.